முகாமா, நாற்காலியா, ஒரே பள்ளியா?

எங்கள் துறைக்குப் பெயர் பொதுச் சுகாதாரப் பல் மருத்துவம். எங்கள் பெங்களூர் பல் மருத்துவக் கல்லூரிக்குள் அதன் ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து பி.எச்.டி. என்பார்கள். தங்கவயலில் இருக்கும் என் அம்மா, நான் முனைவர் பட்டம் வாங்கிவிட்டதாகவே தெருவில் பல வருடம் சொல்லிக்கொண்டிருந்தார். நானும் திருத்தவில்லை.

மற்ற துறைகளில், பல் கெட்ட பிறகு என்ன செய்வது என்று சொல்லித்தருகிறார்கள். துளைப்பது, அடைப்பது, வேரைச் சுத்தம் செய்வது, பிடுங்குவது, பிடுங்கிய இடத்தில் வேறு பல் கட்டுவது. கெடாமல் பார்த்துக்கொள்வது எங்கள் பாகம். அதற்குக் கிடைக்கும் நேரமோ கொஞ்சம். பி.டி.எஸ். படிப்பு நான்கு ஆண்டு, அதன்பின் ஓராண்டு இன்டர்ன்ஷிப். அந்த ஓராண்டில் மூன்று மாதம் எங்களிடம் வருவார்கள். கடைசி ஆண்டு மாணவர்கள் வாரத்தில் சில மணி நேரம் வருவார்கள். ஒரு வண்டி, இரண்டு விரிவுரையாளர்கள். இவ்வளவுதான் கையிருப்பு. ஜூனில் தொடங்கும் பள்ளி ஆண்டுக்கு இதை எங்கே போடுவது என்று துறைக் கூட்டத்தில் பேசினோம். முகாம்களே தொடரட்டும் என்றார் ஒருவர். மருத்துவமனை நாற்காலியிலேயே சொல்லித்தரலாம் என்றார் இன்னொருவர். ஒரே ஒரு பள்ளியை எடுத்துக்கொண்டு வருடம் முழுக்க அங்கேயே போகலாம் என்பது என் கட்சி. கட்சி கட்டிக்கொண்டுதான் எழுதுகிறேன், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

வகுப்பறையை இந்தப் போட்டியில் சேர்க்கவில்லை. அது எப்படியும் இருக்கும், இருக்கவும் வேண்டும். வாயில் அமிலத்தன்மையைக் காட்டும் பி.எச். அளவு சுமார் 5.5க்குக் கீழே இறங்கினால் பல்லின் மேலுறையான எனாமல் கரையத் தொடங்கும், இனிப்பு உள்ளே போன சில நிமிடங்களில் அந்த இறக்கம் வரும், உமிழ்நீர் அதைச் சரிக்கட்ட அரை மணி, ஒரு மணி என்று ஆகும். இதைப் பலகையில் ஒரு கோடு போட்டுக் காட்டிவிடலாம். எவ்வளவு சர்க்கரை என்பதைவிட எத்தனை தடவை என்பது முக்கியம் என்று அந்தக் கோட்டிலேயே தெரிந்துவிடும். இதை உறுதிப்படுத்திய சுவீடன் நாட்டின் விப்பெஹோல்ம் ஆய்வு, அறிவுத்திறன் குறைபாடு உள்ளவர்கள் தங்கியிருந்த காப்பகத்தில், அவர்களுக்கு ஒட்டும் டாஃபி கொடுத்து, பல்லைக் கெடவைத்து நடந்தது என்பதையும் சேர்த்துச் சொல்வேன். வகுப்பு கொஞ்ச நேரம் அமைதியாகிவிடும். அப்புறம் அதே பிள்ளைகள் கேன்டீனில் மணிக்கு ஒரு தடவை சர்க்கரை போட்ட டீ குடித்துக்கொண்டிருப்பார்கள். சொல்லித்தந்தாகிவிட்டது, கற்றுக்கொள்ளவில்லை. மீதிக் கட்டுரை இந்த இடைவெளியைப் பற்றித்தான்.

முகாமில் தொடங்குகிறேன், ஏனென்றால் எல்லோருக்கும் பழக்கமானது அதுதான். சனிக்கிழமை காலை வண்டி கிளம்பும். பள்ளி வாசலில் பேனர், மேடையில் விருந்தினருக்கு மைசூர் பேட்டா என்னும் தலைப்பாகையும் சால்வையும். 'ஆலும் வேலும் பல்லுக்குறுதி' என்று யாராவது ஒரு மாணவி போஸ்டரில் எழுதிக்கொண்டு வந்திருப்பாள். பெங்களூரில் பிறந்து தமிழ் எழுதப் படிக்கத் தெரியாத பிள்ளையாக இருந்தால், பாட்டியிடம் கேட்டுப் பார்த்துப் பார்த்து வரைந்திருப்பாள். பிறகு வரிசை. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 300 பிள்ளைகள், பத்து மாணவர்கள், மூன்று மணி நேரம். ஒரு பிள்ளைக்கு ஆறு நிமிடம். அதில் பெயர், வயது, வகுப்பு கேட்டு எழுதவே இரண்டு நிமிடம் போய்விடும். மீதி நான்கில் வாயைத் திறக்கச் சொல்லி, எண்ணி, படிவத்தை நிரப்பி, 'இனிப்பு சாப்பிடாதே, ரெண்டு வேளை பல் தேய்' என்று சொல்லி, சின்ன பேஸ்ட் குழாய் ஒன்றைக் கையில் கொடுத்து அனுப்ப வேண்டும்.

எண்ணுவது என்றேன். சொத்தையானது, சொத்தையால் விழுந்தது அல்லது பிடுங்கியது, அடைத்தது, இந்த மூன்றையும் கூட்டும் ஒரு குறியீடு இருக்கிறது. 1938இல் அமெரிக்காவில் க்ளைன், பால்மர், நட்சன் மூவரும் கொண்டுவந்தது. இன்றும் உலகம் முழுக்கப் பயன்படுகிறது. ஒரு ஊரின் நிலைமையை இன்னொரு ஊரோடு ஒப்பிட நல்ல கருவி. ஆனால் அது குழி விழுந்த பல்லை மட்டுமே கணக்கில் எடுக்கும். குழி விழுவதற்கு முன்னால், ஈறு ஓரத்தில் சுண்ணாம்பு தடவியதுபோல் ஒரு வெள்ளைப் புள்ளி தோன்றும். அந்தக் கட்டத்தில் சொத்தையை நிறுத்திவிடலாம், துளைக்கவே வேண்டாம். ஃப்ளோரைடு பேஸ்ட், பல்லில் பூசும் ஃப்ளோரைடு வார்னிஷ், சர்க்கரை உள்ளே போகும் தடவைகளைக் குறைப்பது, இவை போதும். எங்கள் துறை பிழைப்பதே அந்த வெள்ளைப் புள்ளியில்தான். அதன் ஆரம்ப நிலையைப் பார்க்கவோ பல்லைத் துடைத்து, ஐந்து விநாடி காற்றடித்து, நல்ல வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். பள்ளி வராந்தாவில், எச்சில் வழியும் வாயில், பின்னால் 29 பிள்ளைகள் தள்ளிக்கொண்டு நிற்கும்போது எங்கே பார்ப்பது? ஆகவே மாணவர் குழிகளை எண்ணுகிறார். எக்ஸ்புளோரர் என்னும் கூர்மையான கருவியால் குத்திப் பார்க்கும் பழைய பழக்கம் வேறு சிலருக்கு இன்னும் இருக்கிறது. மெலிந்துபோன வெள்ளைப் புள்ளியைக் குத்தினால் அதுவே குழியாகிவிடும்.

ஒரு முகாமில் நடந்ததை என்னால் மறக்க முடியவில்லை. கோலார் மாவட்டத்து கிராமப் பள்ளி ஒன்றுக்குப் போயிருந்தோம். பன்னிரண்டு வயதுப் பையன், முன்பற்களில் பழுப்புக் கறை. எங்கள் இன்டர்ன் நல்ல பையன்தான், ஆனால் அவசரம். 'என்னப்பா, பல்லே தேய்க்கிறதில்லையா?' என்று எல்லோர் முன்னாலும் கேட்டுவிட்டார். பையன் வாயை மூடிக்கொண்டான். அதற்கப்புறம் திறக்கவே இல்லை. அது அழுக்கு இல்லை, ஃப்ளோரோசிஸ். கோலார், சிக்கபள்ளாப்பூர், தும்கூர் பக்கம் பல ஊர்களில் ஆழ்துளைக் கிணற்று நீரில் ஃப்ளோரைடு அதிகம். குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம்தான் இருக்கலாம், வேறு நீரே கிடைக்காத இடத்தில் 1.5 வரை பரவாயில்லை என்பது இந்தியத் தர நிர்ணய அளவு. அதற்கு மேலே போன நீரைப் பல் உருவாகும் வயதில், அதாவது பிறந்ததிலிருந்து ஏறக்குறைய எட்டு வயதுக்குள் குடித்து வளர்ந்தால் எனாமல் சரியாக அமையாது. எத்தனை தடவை தேய்த்தாலும் அந்தக் கறை போகாது. அந்த இன்டர்ன் தேர்வில் ஃப்ளோரோசிஸ் பற்றி இரண்டு பக்கம் எழுதியவர். புத்தகத்தில் இருந்தது வாயில் இருந்தபோது அடையாளம் தெரியவில்லை.

அங்கே மாணவர்கள் மண்டையில் ஏற வேண்டிய பாடம் இன்னொன்றும் இருந்தது. பெங்களூரில் பல வீடுகளுக்குக் காவிரி வருகிறது, தொரேகாடனஹள்ளியிலிருந்து 100 கிலோமீட்டர் ஏற்றிக் கொண்டுவருகிறார்கள். மீதிப் பேர் போர்வெல், டேங்கர், 20 லிட்டர் கேன் என்று ஓட்டுகிறார்கள். 2024 கோடையில் அதற்கும் திண்டாட்டம். கிராமங்களில் ஐந்து ரூபாய் நாணயம் போட்டால் சுத்திகரித்த நீர் தரும் நிலையங்கள் வந்துவிட்டன. அந்த எந்திரம், அளவோடு இருந்தால் சொத்தையைத் தடுக்கும் ஃப்ளோரைடையும் சேர்த்தே எடுத்துவிடும். ஆக, அண்ணன் பல்லில் ஃப்ளோரோசிஸ், தம்பி பல்லில் சொத்தை என்று ஒரே வீட்டில் பார்க்கலாம். 'ஃப்ளோரைடு நல்லதா கெட்டதா?' என்று ஒரு தாய் கேட்டால், 'நீங்கள் என்ன தண்ணீர் குடிக்கிறீர்கள் அம்மா?' என்றுதான் மாணவர் பதிலுக்குக் கேட்க வேண்டும். முகாமின் ஆறு நிமிடத்தில் இந்தக் கேள்விக்கு இடமில்லை.

முகாமை முழுக்கத் தூக்கிப்போடச் சொல்கிறேனா? இல்லை. ஒரு விஷயத்தில் அதை மிஞ்ச வேறு வழி கிடையாது. பாக்கும் புகையிலையும் போடும் பெரியவர்களுக்கு. கட்டட வேலை செய்பவர்கள், மார்க்கெட்டில் மூட்டை தூக்குபவர்கள், காலை ஐந்தரைக்குத் தெருக் கூட்டும் பௌரகார்மிகர்கள். இவர்கள் நம்மைத் தேடி வரமாட்டார்கள், நாம்தான் போக வேண்டும். கன்னத்தின் உள்பக்கம் வெள்ளைத் திட்டோ சிவப்புத் திட்டோ இருக்கிறதா, ஆறாத புண் இருக்கிறதா, வாயை மூன்று விரல் நுழையும் அளவுக்குத் திறக்க முடிகிறதா என்று பார்க்க நான்கு நிமிடம் தாராளம். ஆனால் வாய்ப்புற்றுநோயோ என்று சந்தேகம் வருபவரைக் கையோடு மருத்துவமனைக்கு அழைத்துப்போக ஒரு ஆள் வேண்டும். துண்டுச் சீட்டில் 'மேல்சிகிச்சைக்கு வரவும்' என்று எழுதிக் கொடுத்து அனுப்பினால், அந்தச் சீட்டு பாக்குப் பொட்டலத்தோடு பையிலேயே கிடக்கும்.

அடுத்தது நாற்காலி. சொத்தையைத் தடுக்கச் சொல்லித்தர எல்லா வசதியும் இருக்கும் இடம் அது. விளக்கு, காற்று, உறிஞ்சும் குழாய், பின்னால் நின்று பார்க்க ஆசிரியர். வெள்ளைப் புள்ளியை ஒரு மாணவருக்கு முதல் தடவை காட்டிப் பாருங்கள், ஈரமான பல்லில் ஒன்றுமே தெரியாது, காற்றடித்ததும் மெல்ல எழுந்து வரும். அந்த நொடியில் அவர் முகத்தில் ஒரு மாற்றம் தெரியும். நூறு ஸ்லைடு போட்டாலும் அது வராது.

ஆனால் நாற்காலிப் பக்கத்தில் ஒரு பெரிய குறை இருக்கிறது, அதன் பெயர் கோட்டா. கடைசி ஆண்டில் இத்தனை அடைப்பு, இத்தனை பல் எடுப்பு, இத்தனை பல்செட் என்று முடித்துக் கையெழுத்து வாங்கினால்தான் தேர்வுக்கு உட்கார முடியும். துளைத்து அடைத்தால் கணக்கில் வரும். துளைக்காமல் காப்பாற்றினால் வராது. மார்ச் மாதம், கோட்டாவில் இரண்டு குறைகிறது, எதிரில் சந்தேகத்துக்கிடமான ஒரு கடைவாய்ப்பல். அந்த மாணவர் எந்தப் பக்கம் சாய்வார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. நானும் அப்படிச் சாய்ந்திருக்கிறேன், என் கையெழுத்துப் புத்தகத்தில் இருக்கிறது.

கோட்டாவை ஒழிக்க எங்களால் முடியாது, ஆனால் அதில் ஒரு வரி சேர்க்க முடியும். ஒவ்வொரு மாணவருக்கும் ஐந்து நோயாளிகள், அவர்களை ஆறு மாதத்தில் மூன்று தடவை பார்க்க வேண்டும், மூன்றாம் தடவை வெள்ளைப் புள்ளி அப்படியே நின்றிருந்தாலோ குறைந்திருந்தாலோ கையெழுத்து. இதைச் சின்ன அளவில் செய்து பார்த்தோம். அதில் ஒரு மாணவி, மலையாளி, சினிமா பார்த்துக் கற்ற தமிழ். அல்சூரிலிருந்து ஒரு தாய், மூன்று வயதுப் பையன், மேல் முன்பற்கள் நான்கிலும் வெள்ளைக் கோடு, இரண்டில் குழி ஆரம்பம். ராத்திரி சர்க்கரை போட்ட பால், புட்டியோடு தூக்கம். முதல் தடவை மாணவி சொன்னது எல்லோரும் சொல்வதுதான்:

'அக்கா, ராத்திரி பால் கொடுக்காதீங்க.'

'குடுக்கலைன்னா கத்துவான் டாக்டர். பக்கத்து வீட்டுக்காரங்க கதவைத் தட்டுவாங்க. எல்லாம் ஒத்தச் சுவரு.'

மாணவி குறிப்பில் 'தாய் ஒத்துழைக்கவில்லை' என்று எழுதினாள். நான் அதை அடித்துவிட்டு, அடுத்த தடவை அவரிடம் உத்தரவு எதுவும் போடாமல் கேள்வி மட்டும் கேள் என்றேன். இரண்டாம் தடவை அவள் கேட்டாள்: 'உங்களால எதை மாத்த முடியும்னு நினைக்கறீங்க அக்கா?' அந்தப் பெண் கொஞ்ச நேரம் யோசித்து, 'சர்க்கரையைக் குறைக்கலாம், அவனுக்குத் தெரியாது' என்றார். ஒன்றரைக் கரண்டி ஒன்றாகி, அரையாகி, மூன்றாம் தடவை வந்தபோது வெறும் பால். அதற்கடுத்து புட்டியில் தண்ணீர் என்பதும் அவர் யோசனைதான். குழி ஆரம்பித்த இரண்டு பல்லுக்கும், சொத்தையை நிறுத்தும் சில்வர் டயமின் ஃப்ளோரைடு வைத்தோம். கறுத்துப்போகும் என்று முன்கூட்டியே சொல்லிச் சம்மதம் வாங்கினோம், பால் பல்தானே, விழப்போகிறது. 2021இல் உலகச் சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் ஃப்ளோரைடு பேஸ்டோடு சேர்ந்து இடம் பிடித்த மருந்து அது. வெள்ளைக் கோடுகள் நின்றுவிட்டன. மாணவியின் குறிப்பில் இந்த முறை வேறு வாக்கியம் இருந்தது.

இந்தக் கதையைச் சொன்னதும் கூட்டத்தில் நாற்காலிக் கட்சிக்காரர் சிரித்தார். 'நீங்களே என் பக்கம் பேசுகிறீர்களே' என்றார். சரிதான், ஆனால் அந்தத் தாய் மூன்று தடவை வந்தது எங்கள் அதிர்ஷ்டம். அல்சூரிலிருந்து நடந்து வரும் தூரம், அவருக்கு வேலை மதியத்துக்கு மேல். மற்ற நோயாளிகளில் பெரும்பாலோர் இரண்டாம் தடவைக்கே வரவில்லை. வலி இல்லாத பல்லுக்காக அரை நாள் கூலியை யார் விடுவார்? மாணவர்கள் போன் போட்டுப் போட்டுக் களைத்து, கடைசியில் தங்கள் சொந்தக்காரர்களையும் ஹாஸ்டல் தோழர்களையும் உட்காரவைத்துக் கணக்கை முடித்தார்கள். வசதி எல்லாம் நாற்காலியில் இருக்கிறது, வாய் மட்டும் திரும்பி வருவதில்லை.

என்னைப் பொறுத்தவரை இந்த மூன்றையும் அளக்க ஒரே அளவுகோல்தான். மாணவர் தான் பார்த்த அதே வாயை இன்னொரு தடவை பார்க்கிறாரா? அடைப்பு வைத்தால் அன்றைக்கே பலன் தெரிந்துவிடும், கண்ணாடியைக் கொடுத்துக் காட்டலாம். தடுப்பு வேலையின் பலன், மூன்று மாதம் கழித்தும் எதுவும் நடக்காமல் இருப்பது. நடக்காததைப் பார்க்க வேண்டும் என்றால் திரும்பிப் போய்ப் பார்த்தால்தான் உண்டு. முகாமில் அது சுத்தமாகக் கிடையாது. நாற்காலியில் நோயாளி மனது வைத்தால் உண்டு.

பள்ளியில் பிள்ளைகள் எப்படியும் வருவார்கள். ஜூன் முதல் மார்ச் வரை அதே பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்கள். அதனால்தான் என் ஓட்டு அங்கே. கல்லூரியிலிருந்து மூன்று கிலோமீட்டருக்குள் ஓர் அரசுத் தொடக்கப் பள்ளி. தமிழ், கன்னடம், தக்னி உருது மூன்றும் கலந்து கேட்கும் பகுதி. தூரமான பள்ளி வேண்டாம். சில்க் போர்டு சிக்னலில் ஒரு மணி நேரம் நின்றால் அன்றைய பாடம் அங்கேயே முடிந்துவிடும். எல்லா வகுப்பையும் எடுக்கவும் வேண்டாம். ஒன்றாம், இரண்டாம் வகுப்பு போதும். ஏறக்குறைய ஆறு வயதில் முதல் நிரந்தரக் கடைவாய்ப்பல் முளைக்கிறது, பால் பல் எதுவும் விழாமல் பின்னால் புதிதாக வருவதால் பெற்றோர் கவனிப்பதில்லை, அதுவும் பால் பல் என்றே நினைத்து விட்டுவிடுகிறார்கள். மேல்பரப்பில் ஆழமான பள்ளங்கள். அந்தப் பள்ளங்களைக் கண்ணாடி அயனோமர் சிமெண்ட்டால் விரலை வைத்து அழுத்தி மூடிவிடலாம், மின்சாரம் வேண்டாம், நாற்காலி வேண்டாம், பெஞ்சில் படுக்கவைத்தால் போதும். மாணவர் மூன்று மாதம் கழித்துப் போய், தான் மூடிய பள்ளம் மூடியபடி இருக்கிறதா, பெயர்ந்துவிட்டதா என்று பார்ப்பார். பெயர்ந்திருந்தால் அவருக்கு அன்றைக்கு நல்ல பாடம்.

இத்தோடு மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு தினமும் எல்லோரும் சேர்ந்து பல் தேய்ப்பது. ஸ்காட்லாந்தில் மழலையர் பள்ளிகளில் இதை நாடு முழுக்கச் செய்கிறார்கள், பிலிப்பைன்ஸிலும் பள்ளிகளில் கை கழுவுவதோடு சேர்த்துச் செய்கிறார்கள். பேஸ்ட் கணக்கு பயப்படும் அளவுக்கு இல்லை. பட்டாணி அளவு என்றால் கால் கிராம். 120 பிள்ளைகள், 200 பள்ளி நாள், மொத்தம் ஆறு கிலோ. 100 கிராம் குழாய் அறுபது. பேனருக்கும் பேட்டாவுக்கும் ஆகும் செலவை நினைத்துக்கொண்டேன். குழாயில் ஃப்ளோரைடு எவ்வளவு என்று பார்த்து வாங்க வேண்டும். நம் நாட்டுச் சட்டப்படி 1000 பி.பி.எம்.முக்கு மேல் போகக்கூடாது, அளவைக் குழாயிலும் பெட்டியிலும் அச்சிட வேண்டும். மாணவர்களை ஒரு நாள் தெருமுனைப் பெட்டிக்கடைக்கும் மருந்துக்கடைக்கும் அனுப்பி, இருக்கிற பேஸ்ட் எல்லாவற்றையும் திருப்பிப் பார்த்து எழுதிவரச் சொல்வேன். படம் போட்ட குழந்தைகள் பேஸ்ட்டில் பாதியளவே இருப்பதும், மூலிகை பேஸ்ட் பலவற்றில் ஃப்ளோரைடே இல்லாததும் அவர்களுக்கு அப்போதுதான் தெரியவரும். சிலர் வீட்டுக்குப் போய்த் தங்கள் குளியலறைக் குழாயையும் திருப்பிப் பார்ப்பார்கள்.

பள்ளியின் சங்கடங்களையும் சொல்லிவிடுகிறேன். தலைமையாசிரியை முதல் நாளே கேட்பார்: 'இதையும் நாங்களே பாக்கணுமா சார்? மொட்டை, பால், மதியச் சாப்பாடு, இப்ப பல்லும் வேறயா?' மொட்டை என்றால் கன்னடத்தில் முட்டை. அவர் கேட்பது நியாயம், இரண்டு ஆசிரியைகள் நான்கு வகுப்பு எடுக்கிறார்கள். முதல் மாதம் இன்டர்ன்கள் தினமும் போய் நின்றால்தான் அது பழக்கமாகும். குழாயில் தண்ணீர் வராத நாளில் என்ன செய்வது? துப்பினால் போதும், கொப்பளிக்க வேண்டாம். உண்மையில் கொப்பளிக்காமல் விடுவதுதான் ஃப்ளோரைடு பல்லில் தங்க நல்லது. பிரஷ்களை எங்கே மாட்டுவது, எலி, கரப்பான் வராமல் எப்படி மூடுவது என்பதற்குப் பாடப்புத்தகத்தில் அத்தியாயம் இல்லை. அப்புறம், பிள்ளைகள் இடம் மாறுவார்கள். வாடகை ஏறினால் குடும்பம் ஓசூர் பக்கம் போய்விடும், கட்டட வேலை முடிந்தால் கிருஷ்ணகிரிக்கோ ராய்ச்சூருக்கோ திரும்பிவிடும்.

பெரிய சிக்கல் பிள்ளைகள் இல்லை, எங்கள் இன்டர்ன்கள். மூன்று மாதத்தில் ஆள் மாறிவிடும். அதே வாயைத் திரும்பப் பார்க்க வேண்டும் என்று நான் சொல்ல, பார்ப்பவர் வேறு ஆளாக இருப்பார். இதற்கு நான் யோசித்து வைத்திருக்கும் வழி ஒரு நோட்டு. கம்ப்யூட்டர் வேண்டாம், கெட்டி அட்டை போட்ட நீள நோட்டு. ஒரு பிள்ளைக்கு ஒரு பக்கம். ஜூன் குழு எழுதியதை செப்டம்பர் குழு படித்து, பள்ளியிலேயே இரண்டு நாள் சேர்ந்து நின்று பொறுப்பை வாங்க வேண்டும். 'இந்தப் பக்கத்தில் புள்ளி இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள், எனக்குத் தெரியவில்லையே' என்று ஒருவர் கேட்க, மற்றவர் விளக்கைப் பிடித்துக் காட்ட வேண்டும். சரியாக எழுதாதவர் மாட்டிக்கொள்வார். ஒரு குழு தான் செய்ததன் பலனைப் பார்க்காது, ஆனால் முந்தைய குழு செய்ததன் பலனைப் பார்க்கும். பாதிப் பாடம்தான் அது. மீதிப் பாதிக்கு, கடைசி ஆண்டு மாணவர்களுக்கான ஐந்து நோயாளிகள் திட்டத்தை இரண்டாகக் குறைத்து நாற்காலியில் வைத்துக்கொள்ளலாம். இரண்டு பேரைத் திரும்ப வரவைக்க முடியும். ஐந்து பேர் என்றால் சொந்தக்காரர்கள்தான் வருவார்கள்.

கூட்டத்தில் யாரும் கேட்காத ஒன்றையும் நான் நுழைத்துவிட்டேன். பள்ளிக்கோ நாற்காலிக்கோ போவதற்கு முன்னால், சொந்த வாய். 1965இல் டென்மார்க்கின் ஆர்ஹுஸ் நகரில் ஹரால்ட் லோவும் அவர் குழுவும் 12 பேரைப் பல் தேய்க்காமல் இருக்கச் சொன்னார்கள், அவர்களில் பெரும்பாலோர் பல் மருத்துவ மாணவர்கள். பத்து நாளிலிருந்து மூன்று வாரத்துக்குள் எல்லோருக்கும் ஈறு வீங்கியது, திரும்பத் தேய்க்கத் தொடங்கியதும் சரியாகிவிட்டது. ஈறு நோய்க்குக் காரணம் பல்லில் படியும் பிளாக் என்னும் கிருமிப் படலம் என்று மனிதர்களில் நேராகக் காட்டிய சோதனை அது. நான் யாரையும் தேய்க்காமல் இருக்கச் சொல்லப் போவதில்லை. மூன்றாம் ஆண்டில் ஒரு நாள், முன்னறிவிப்பு இல்லாமல், மதியம் இரண்டு மணிக்கு ஒருவர் வாயில் ஒருவர், பிளாக் இருக்கும் இடத்தைக் காட்டும் சிவப்புச் சாயம் தடவிப் பார்க்கச் சொல்வேன். ஒரு பல்லுக்கு நான்கு பக்கம், எத்தனை பக்கம் சிவக்கிறது என்று நூற்றுக்குக் கணக்கு. பத்துக்குள் இருந்தால் நல்லது. போன வருடம் பார்த்ததில் வகுப்பில் ஓரிருவர்தான் பத்துக்குள் வந்தார்கள். எனக்கு வந்த எண்ணை இங்கே எழுதப் போவதில்லை. ஒரு மாதம் கழித்து மறுபடி தடவும்போது அது எவ்வளவு மெதுவாக இறங்குகிறது என்று பார்த்த மாணவர், அப்புறம் நோயாளியைப் பார்த்து 'சொன்னா கேக்க மாட்டேங்கறாங்க' என்று சொல்வது குறைந்துவிட்டது.

வேறு ஊர்க் கல்லூரிகளுக்கு இதே விடை பொருந்தும் என்று சொல்லமாட்டேன். கிராமத்தில் தங்கும் இடத்தோடு கிளை மையம் வைத்திருப்பவர்களுக்கு அந்த ஊரே போதும், நோயாளிகள் நடந்து திரும்பி வருவார்கள், அங்கே நாற்காலிதான் சிறந்தது. மாணவர் எண்ணிக்கை மிக அதிகம், பக்கத்துப் பள்ளி எதுவும் அனுமதி தரவில்லை என்றால் மருத்துவமனைக்குள்ளேயே ஒருவர் தாயாக, ஒருவர் மருத்துவராக நடிக்கும் பயிற்சியையாவது வைக்கலாம். செலவில்லாதது, மொழி தெரியாத வெளிமாநிலப் பிள்ளைகளுக்கு ரொம்பவும் உதவுகிறது. 'பல்லில் பூச்சி' என்று தமிழ்த் தாய் சொன்னாலும் 'ஹுளுகு ஹல்லு' என்று கன்னடத் தாய் சொன்னாலும் பேச்சு சொத்தைப் பல்லைப் பற்றித்தான், ஆனால் பூச்சி அரிப்பதாகத்தான் இருவருமே நினைக்கிறார்கள், அந்தப் பூச்சியை மறுத்துவிட்டுப் பேச்சைத் தொடங்கினால் எடுபடாது என்பதை நடித்துப் பார்த்தே புரிந்துகொள்ளலாம். குறும்படம், செயலி என்றும் ஒரு யோசனை வந்தது. பாடத்துக்குத் துணையாக இருக்கட்டும், அதற்கு மேல் எனக்கு ஆர்வம் இல்லை.

முதல்வர் அறையில் வரப்போகும் கேள்வி எனக்குத் தெரியும். அங்கீகாரக் குழு வந்தால் எத்தனை முகாம், எத்தனை பயனாளிகள், புகைப்படம் எங்கே என்று கேட்பார்கள். வருடத்துக்கு முப்பது முகாம், ஆயிரக்கணக்கில் பிள்ளைகள் என்று எழுதிய இடத்தில், ஆறு முகாம், ஒரு பள்ளி, 120 பிள்ளைகள் என்று எழுத வேண்டிவரும். அந்த ஆறும் புகையிலை போடும் பெரியவர்களுக்காக. எண் சுருங்கிப்போவதை நான் மறைக்க முடியாது. வயதானவர்களுக்கு அரசே இலவசப் பல்செட் கட்டித்தரும் தந்த பாக்ய திட்டம் இருக்கும் மாநிலம் இது. பல் இல்லாத வாய்களைக் கொண்டு எங்கள் மாணவர்கள் செயற்கைப் பல் கோட்டாவை முடிக்கிறார்கள், அதற்கு மட்டும் எண்ணிக்கை குறைந்ததே இல்லை என்று சொல்லிப் பார்க்கலாம் என்றிருக்கிறேன்.

கூட்டம் முடிவு எடுக்காமல்தான் கலைந்தது. ஒரு வருடம் சோதனையாகப் பள்ளிக்குப் போய்ப் பார்க்கலாம், முகாம்களைப் பாதியாக்கலாம் என்ற அளவில் நிற்கிறது. தலைமையாசிரியை சம்மதித்துவிட்டார், ஒரு நிபந்தனையோடு: பிரஷ் மாட்டும் பலகையை நாங்களே கொண்டுவர வேண்டும், ஆணியும் நாங்களே அடிக்க வேண்டும். சிவாஜிநகரில் ஒரு தச்சரிடம் அளவு கொடுத்திருக்கிறேன். நோட்டு வாங்கியாகிவிட்டது.